ஒரு கேள்வியும் கேட்காமல் கேம் ஷாஃப்ட் விற்பவரிடம் வாங்காதீர்கள்

என் பன்னிரண்டு வயது மகன் கோ-கார்ட் பந்தயத்தில் முதல்முறையாக மூன்றாம் இடத்தில் வந்தான். அரை மணி நேரத்தில் அந்த இடத்தைப் பறித்துவிட்டார்கள். அவன் மீது ஒரு தவறும் இல்லை. நான் வாங்கிப் பூட்டிய கேம் ஷாஃப்ட்தான் காரணம். எஞ்சினின் வால்வுகளைத் தூக்கித் திறக்கும் முகடுகள் கொண்ட தண்டு அது; சுருக்கமாகக் கேம். அதை விற்றவர் என்னிடம் சொன்னதில் ஒரு வாக்கியம்கூட உண்மையில்லை. இன்னொரு பெற்றோர் இதே குழியில் விழக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கிறோம். மகன் ஓட்டும் கார்ட்டில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ் 200 எஞ்சின். 196 சிசி, ஒற்றை சிலிண்டர். தண்ணீர் இறைக்கும் பம்புகளிலும் ஜெனரேட்டர்களிலும் இந்த வகையைப் பார்த்திருப்பீர்கள். பழைய கேம் தேய்ந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் இணையத்தில் தேடினேன். பந்தய எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கும் ஒருவர் கிடைத்தார். 140 டாலர். "புத்தம் புதியது, உங்கள் பிரிவின் விதிக்கு உட்பட்டது, வால்வு 0.275 அங்குலம் தூக்கும்" என்றார். ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர். எண் பெரிதாக இருந்தது, மயங்கிவிட்டேன்.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. எந்தத் தடத்தில் ஓட்டுகிறீர்கள், கிளட்ச் எத்தனை சுழற்சியில் பிடிக்கிறது, வால்வு ஸ்பிரிங் எத்தனை பவுண்டு, ஓட்டுபவரின் எடை என்ன என்று ஒரு கேள்விகூட வரவில்லை. இவற்றைக் கேட்காமல் கேம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர், காலை அளக்காமல் செருப்புத் தைத்துக் கொடுப்பவர்.

கேம் அதிகமாகத் தூக்குவது மட்டும் நன்மை அல்ல. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் எஞ்சினின் குணத்தைத் தீர்மானிக்கிறது. எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், குறைந்த வேகத்தில் மேலே ஏறும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைக் கார்பரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். அதிக சுழற்சியில் அதே தாமதம் பலன் தருகிறது. நேர்ப்பாதை நீண்ட தடத்தில் அது பயன்படலாம். எங்கள் தடமோ கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. கார்ட்டில் கியர் பெட்டியும் இல்லை. ஒரே பல்சக்கர விகிதம், சுழற்சி ஏறினால் தானே பிடிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், அவ்வளவுதான். வளைவில் சுழற்சி இறங்கிவிட்டால் மீட்டுக்கொள்ள வேறு வழியில்லை. ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது என் மகன் இரண்டு கார்ட் நீளம் பின்தங்கினான். நேர்ப்பாதையின் கடைசியிலோ எஞ்சின் தடுமாறியது. பழைய ஸ்பிரிங்கால் வால்வை அந்த வேகத்தில் அடக்க முடியவில்லை. "அப்பா, மிதித்தும் ஓடவில்லை" என்றான். நன்றாக ஓட்டப் பழகு என்று அவனைக் கடிந்துகொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் இடம் வந்த அன்று மழை. முன்னால் போனவர்கள் சறுக்க, இவன் நிதானமாக ஓட்டி மேலே வந்தான். பந்தயம் முடிந்ததும் பரிசோதகர் வால்வு மூடியைக் கழற்றி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்தார். வால்வு தூக்கும் உயரம் எங்கள் பிரிவுக்கு உரிய அளவைத் தாண்டியிருந்தது. அவர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. அளவுத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணெயை வடித்தேன். ஜிஎக்ஸ் 200-இல் 0.6 லிட்டர் எண்ணெய்தான். ஃபில்டர் கிடையாது, தெறிப்பு முறையில்தான் உயவு. வடித்த எண்ணெய் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. இரும்புத்தூள்! அது பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அது சுழற்றும் கிராங்குக்கும் நடுவில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே தனி பேரிங்கூட இல்லை. அலுமினியம் நேராக உருக்கின் மீது சுழல்கிறது.

கேமைக் கழற்றி, எஞ்சின் வேலையில் அனுபவம் உள்ள ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தொடக்கத்தில் எஞ்சினை இழுத்துக் கிளப்ப உதவுகிற சிறிய டீகம்ப்ரஷன் எடைக்கட்டை ஒன்று கேமில் இருக்கும். அவர் அதைத் தூக்கிக் காட்டினார். அடியில் எண்ணெய் காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தது. புதிய கேமில் அது வர வாய்ப்பே இல்லை. யாரோ ஓட்டிய பழைய கேமைச் சாணை பிடித்து, கழுவிப் பளபளப்பாக்கி விற்றிருக்கிறார்கள். மறுசாணை பிடிப்பது தவறல்ல. நல்ல பட்டறைகள் அதைச் சொல்லியே விற்கின்றன. இதில் கடினமான மேல்தோல் போகும் அளவுக்குச் சாணை பிடித்திருந்தார்கள். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் பக்க முகடு ஏற்கெனவே உருண்டு தேய்ந்திருந்தது. கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் துண்டுகள்தான் டேப்பெட்டுகள். கூட வந்த "புதிய" டேப்பெட்டுகளின் முகத்திலும் பழைய தடங்கள்.

பூட்டும்போதே ஓர் அடையாளம் தெரிந்தது. ஹோண்டா சொல்லும் வால்வு இடைவெளி இன்டேக்குக்கு 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.20. அதைக் கொண்டுவர வால்வை அழுத்தும் ராக்கரின் நட்டை முன்பைவிடப் பல புரி கீழே இறக்க வேண்டியிருந்தது. சாணை பிடித்ததில் கேமின் அடிவட்டம், அதாவது முகடு இல்லாத வட்டப் பகுதி, சிறுத்துப்போனதால் அப்படி ஆனது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கேமுக்கு உரிய அளவுச் சீட்டு இல்லாமல் எதையும் பூட்டாதீர்கள். எனக்கு அந்தச் சீட்டு வரவே இல்லை.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "பூட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று ஒரே வரி பதில். அதே செய்தியில், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்று ஆலோசனை வேறு. தொழிற்சாலையிலிருந்து வரும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம், பந்தய வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல, சிதறினால் வெடிகுண்டு. எங்கள் எஞ்சினில் போட்டிக்கான ஃப்ளைவீல் ஏற்கெனவே இருந்தது. அது அவருக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. கார்ட்டில் எஞ்சின் குழந்தையின் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன்.

கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டு 140 டாலரைத் திரும்பப் பெற்றேன். கேஸ்கெட், எண்ணெய், புதிய ராடு எல்லாம் என் செலவு. ஹோண்டாவின் சாதாரணக் கேமையும் புதிய டேப்பெட்டுகளையும் பூட்டினோம். அதே தடத்தில் மகன் ஒரு சுற்றுக்கு அரை விநாடிக்கு மேல் வேகமாக ஓட்டுகிறான்.

சென்ற வாரம் அதே விளம்பரம் வேறு கடைப்பெயரில் வந்திருக்கிறது. விலை 120 டாலர். படத்தில் பல்சக்கரத்தின் மூன்றாவது பல்லருகே ஒரு கீறல். என் மேஜை மேல் இருக்கும் கேமிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கிறது.