ஜோஹோ மெயில்: வராத மெயில் எங்கே நிற்கிறது என்று காட்டுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாரிமுனையிலும் பல சிறு நிறுவனங்கள் வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் மெயிலைத்தான் வைத்திருக்கின்றன. அனுப்பிய கொட்டேஷன் போய்ச் சேரவில்லை, பர்ச்சேஸ் ஆர்டர் மதியத்துக்கு மேல்தான் வந்தது என்ற புகார் அடிக்கடி வந்தால், கூடுவாஞ்சேரியிலிருந்து இயங்கும் ஜோஹோவுக்கு மாறிவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. அப்படி யோசிப்பவர்களுக்கான மதிப்பீடு இது. காலண்டர், திரையின் அழகு எதையும் இங்கே பார்க்கவில்லை. மெயில் போய்ச் சேருகிறதா, சேராவிட்டால் காரணம் தெரிகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

மெயில் தடயமே இல்லாமல் மறைவது அபூர்வம். பெறும் சர்வர் அதை ஏற்றுக்கொள்ளும். அல்லது 4-ல் தொடங்கும் எண் சொல்லி 'பிறகு வா' என்னும். அல்லது 5-ல் தொடங்கும் எண் சொல்லி ஒரேயடியாக மறுக்கும். 4 வந்தால் அனுப்பிய சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். குறைந்தது 30 நிமிட இடைவெளி விட்டு, நான்கைந்து நாள் வரை முயல வேண்டும் என்பது மெயில் நெறிமுறையின் பரிந்துரை. புதிய வாடிக்கையாளரின் முதல் மெயில் தாமதமாகவும், அடுத்தடுத்தவை உடனுக்குடனும் வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்: அறிமுகமில்லாத சர்வரை முதல் தடவை வேண்டுமென்றே 'பிறகு வா' என்று காக்கவைக்கும் 'கிரேலிஸ்டிங்' ஏற்பாடு அது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் போல நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோதும், அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவருக்கு வர வேண்டிய மெயில்கள் அனுப்பியவர் பக்கத்தில் காத்திருக்கும். அனுப்பிய சர்வர் முயலும் காலம் முடிந்தால்தான் திரும்பிப் போகும்; சில சேவைகளில் அது ஐந்து நாளைவிடக் குறைவு.

ஆகவே, இந்தப் பதில் எண்களை நமக்குக் காட்டும் சேவையே நல்ல சேவை. ஜோஹோவின் அட்மின் கன்சோலில் மெயில் லாக், அதாவது ஒவ்வொரு மெயிலும் என்ன ஆனது என்ற பதிவேடு இருக்கிறது. அதில் அனுப்புநர், பெறுநர், நேரம் கொடுத்துத் தேடலாம். ஆனால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் தளமான சிபேனலிலும் 'டிராக் டெலிவரி' என்று இதே வேலைக்கு ஒரு பக்கம் உண்டு. மாறுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். மறுப்புக்குக் காரணம் அங்கேயே எழுதியிருந்தால் மாறத் தேவையே இருக்காது.

தாமதமாக வந்த மெயிலை 'ஷோ ஒரிஜினல்' கொடுத்துத் திறந்தால் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் தெரியும். வழியில் ஒவ்வொரு சர்வரும் மெயிலைப் பெற்ற நேரத்தைப் பதிக்கும் வரிகள் அவை. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழ் வரியில் 10:02 +0530, அடுத்ததில் 04:33 +0000, மேல் வரியில் 11:10 +0530 என்று வைத்துக்கொள்வோம். +0530 என்பது இந்திய நேரம், +0000 என்பது உலகப் பொது நேரம். ஆகவே நடுவிலுள்ளது நம் நேரப்படி 10:03. ஆக, ஒரு மணி ஏழு நிமிடம் கடைசிக் கட்டத்தில் போயிருக்கிறது. பெறும் பக்கத்தை விசாரிக்க வேண்டும். கீழ் வரியே 11 மணியைக் காட்டினால், அனுப்பியவரின் அவுட்பாக்ஸிலேயே மெயில் கிடந்திருக்கிறது. நேர மண்டலத்தைக் கவனிக்காமல் கழித்தால் ஐந்தரை மணி நேரத் தாமதம் என்று வீணாகச் சண்டை வரும்.

மெயில்கள் உண்மையிலேயே தொலைவது, மாறும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். ஜோஹோ மூன்று எம்எக்ஸ் பதிவுகளைத் தரும். உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் பட்டியலில் எழுதும் வரிகள் அவை. முன்னுரிமை 10, 20, 50. சிறிய எண்ணுக்கே முதல் இடம். சிபேனலின் பழைய பதிவு 0 என்ற முன்னுரிமையோடு அழிக்கப்படாமல் இருந்தால், எல்லா மெயிலும் பழைய பெட்டிக்கே சத்தமில்லாமல் போய்ச் சேரும். அனுப்பியவருக்கும் பிழைச் செய்தி வராது. பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல், சிபேனலில் பெரும்பாலும் 14400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். முந்தைய நாளே அதை 300 ஆக்கிவிடுங்கள். பழைய பெட்டியை ஒரு வாரமாவது மூடாமல், தினமும் பாருங்கள்.

பலர் தவறவிடும் இடம் இன்னொன்று. சிபேனலின் 'ஈமெயில் ரூட்டிங்' பகுதியில் 'லோக்கல்' என்றே இருந்தால், வெப்சைட்டின் தொடர்புப் படிவம் அனுப்பும் மெயில் ஜோஹோவுக்கு வராமல் அதே சர்வரின் பழைய பெட்டிக்குள் விழும். 'ரிமோட்' என்று மாற்ற வேண்டும். படிவத்தின் 'ஃப்ரம்' முகவரி உங்கள் டொமைனாகவும், வாடிக்கையாளர் முகவரி 'ரிப்ளை டு'விலும் இருக்கட்டும். ஃப்ரமில் அவருடைய முகவரியைப் போட்டால் போலி என்று தள்ளப்படலாம்.

நீங்கள் அனுப்புவது பிறரின் ஸ்பாமில் விழுந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் பாருங்கள். மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவுகள் இவை: எஸ்பிஎஃப் எந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல், டிகேஐஎம் டிஜிட்டல் கையொப்பம், டிமார்க் இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற குறிப்பு. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். பழைய ஹோஸ்டிங்குக்கு ஒன்று, ஜோஹோவுக்கு ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது; ஒன்றாக இணையுங்கள். அந்த வரி கிளப்பும் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினாலும் தோல்விதான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது; ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம். டிமார்க்கை முதலில், மெயிலைத் தடுக்காமல் அறிக்கை மட்டும் வாங்கும் கண்காணிப்பு நிலையிலேயே வையுங்கள். நீங்கள் மறந்துபோன பில்லிங் மென்பொருள் ஏதாவது உங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தால் அறிக்கையில் தெரியவரும்.

ஜோஹோவில் பிடிக்காதவையும் உண்டு. நோட்டிஃபிகேஷன், நியூஸ்லெட்டர் என்ற தனி ஃபோல்டர்களுக்குச் சில மெயில்களை அதுவாகவே ஒதுக்குகிறது. தானியங்கி அறிவிப்புகள் இன்பாக்ஸில் இல்லையென்றால் முதலில் அங்கே பாருங்கள். முக்கியமான அனுப்புநர்களுக்கு ஃபில்டர் போட்டு இன்பாக்ஸுக்கே வரவையுங்கள். சந்தேகமான மெயிலைத் தனியே நிறுத்திவைக்கும் குவாரன்டைனில் பிடிபட்டதை அட்மின் விடுவிக்க வேண்டும். ஊழியர் ஸ்பாமில் தேடினால் கிடைக்காது. தினமும் காலையில் ஒருவர் அதைப் பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

எந்தச் சேவைக்கும் பொருந்தும் இரண்டு விஷயங்கள். அக்கவுன்ட்ஸ் கணினி ஒன்று பாப் முறையில், சர்வரில் நகல் விடாமல் மெயிலை இறக்கினால், மற்றவர்களுக்கு அது காணாமல் போனதாகவே தோன்றும். இணைப்புகள் மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கின்றன. 25 எம்பி எல்லையில் 19 எம்பி டிராயிங் கூடத் திரும்பி வரலாம். கிளவுட் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

ஜோஹோவின் இலவசத் திட்டம் ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. அவுட்லுக் போன்ற மென்பொருளில் மெயிலைப் பார்க்க உதவும் ஐமேப்பும் பாப்பும் அதில் கிடையாது, பிரவுசரில்தான் பார்க்க வேண்டும். அவுட்லுக்கிலேயே பழகிய அலுவலகம் நேராகக் கட்டணத் திட்டத்துக்குப் போவதே சரி. அதிலும் ஒவ்வொரு கணக்கின் செட்டிங்ஸிலும் ஐமேப்பை நாமே ஆன் செய்ய வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் அவுட்லுக்குக்கென்று தனி ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும்.