ஆல்போ மான்ஸ்டெரா: நாலு வருடம் வளர்த்த பிறகு

போன வாரம் திருச்சியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, உங்க வீட்ல இருக்கிற அந்த வெள்ளை இலைச் செடி இங்க நர்சரியில 900 ரூபாய்தான் சொல்றாங்க. வாங்கிடவா?"

அவள் கேட்டது ஆல்போ மான்ஸ்டெராவை, பச்சை இலையில் வெள்ளை கலந்து வரும் மான்ஸ்டெரா செடியை. அவள் கேட்ட நேரத்தில் நான் கத்தரியோடு அந்தச் செடியின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். கீழிருந்து மூன்றாவது இலை. பாதி பச்சை, பாதி வெள்ளை என்று கோடு போட்டுப் பிரித்த மாதிரி வந்த இலை. இந்த வீட்டில் நான் அதிகம் படம் எடுத்தது அதைத்தான். அதன் வெள்ளைப் பாதி ஓரத்தில் பழுப்பாகத் தொடங்கி, நடு நரம்பு வரை காய்ந்து, தொட்டால் அப்பளம் போல் நொறுங்கியது. அதை வெட்டத்தான் போயிருந்தேன். "ரெண்டு நாள் பொறு, எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே கேள்வி இன்னும் பலருக்கும் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது 2021 செப்டம்பரில். ஒரே ஒரு இலை, ஒரு கணு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விழுது. விலை 8,500 ரூபாய். இன்று கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த வருடம் அப்படி இருந்தது. அதே 2021 ஜூனில் நியூசிலாந்தில் வெள்ளை கலந்த ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா, அதாவது இங்கே 'மினி மான்ஸ்டெரா' என்று விற்கிறார்களே அந்தச் செடி, இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த உலகம் முழுக்கச் செடிப் பைத்தியம் பிடித்திருந்த காலம். அப்புறம் வாங்கியவர்கள் எல்லோரும் வெட்டி வெட்டிப் பெருக்கினார்கள், விலை இறங்கியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்கு முன், இந்தச் செடி கொடுத்த சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் அது நியாயம் ஆகாது.

புது இலை வருவதைப் பார்ப்பதற்காகவே இதை வளர்க்கலாம். முந்தைய இலையின் காம்புக்குள்ளிருந்து வாழைக் குருத்து போல ஒரு சுருள் எட்டிப் பார்க்கும். பத்துப் பதினைந்து நாள் நீண்டுகொண்டே போகும். சுருளின் வெளிப்பக்கம் எவ்வளவு வெள்ளை தெரிகிறது என்று தினமும் காலையில் காபியோடு போய்ப் பார்ப்பேன். பிறகு ஒரு நாள் நுனி தளரும். மூன்று நாட்களில் முழுதாக விரியும். விரிந்த அன்று தொட்டால் அனலில் வாட்டிய வாழையிலை மாதிரி அவ்வளவு மென்மை. வெள்ளைப் பகுதி முதல் நாள் இளம் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். ஒரு வாரத்தில் பால் வெள்ளையாகும். நாலு வருடத்தில் இருபத்திரண்டு இலை பார்த்துவிட்டேன். ஒன்று போல் இன்னொன்று வந்ததில்லை. ஒன்றில் தெளித்த சுண்ணாம்பு, ஒன்றில் சரிபாதி, ஒன்றில் பச்சைக்குள் ஒரே ஒரு வெள்ளைக் கீற்று. முற்றத்தில் குரோட்டன்ஸ் வைத்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. இலையில் நிறம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அடுத்த இலை எப்படி வரும் என்று ஒரு மாதம் காத்திருக்க வைத்த செடி இது ஒன்றுதான்.

மாமியார் முதல் நாளே இதைப் பார்த்துவிட்டு, "சேப்பங்கிழங்குச் செடி மாதிரி இருக்கே" என்றார். மிகச் சரி. சேம்பு, சேனை, கருணை, மணி பிளாண்ட், மான்ஸ்டெரா எல்லாம் ஒரே குடும்பம். சேனை அரியும்போது கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் சாற்றிலும் உண்டு. தண்டு வெட்டும்போது கையுறை போடுங்கள். பூனையோ தவழும் குழந்தையோ இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்னொரு எதிர்பாராத சந்தோஷம், கம்பம். முதல் ஒன்றரை வருடம் செடியைத் தொட்டியில் தன்போக்கில் விட்டிருந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு மேல் இலை வளரவில்லை. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளில் மரமேறி வாழும் செடி இது. இதன் சொந்தக்காரச் செடி ஒன்றின் நாற்று, முளைத்ததும் வெளிச்சத்தை விட்டு இருட்டைத் தேடி ஊர்ந்து போகிறது என்று 1975இல் கண்டறிந்து எழுதினார்கள். காட்டில் இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடி. அங்கே போனால்தான் ஏறலாம். இதைப் படித்த வாரமே தென்னை நார்க் கம்பம் ஒன்று வாங்கி நட்டு, தண்டை அதில் சேர்த்துக் கட்டினேன். நாரை ஈரமாக வைத்துக்கொண்டேன். விழுதுகள் அதைப் பற்றிக்கொண்டன. அடுத்த மூன்றாவது இலை முந்தையதைப் போல இரண்டு மடங்கு அகலம், ஓரத்தில் வெட்டு, நரம்பருகில் ஓட்டை. 8,500 ரூபாய் செய்யாததை 180 ரூபாய்க் கம்பம் செய்தது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். இந்த வெள்ளை நிற்காது. நாலு வருடமாக எனக்கு இதோடுதான் சண்டை.

ஆல்போவின் வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். தண்டின் நுனியில் வளர்கிற செல்களில் ஒரு பகுதிக்குப் பச்சையம் உண்டாக்கும் திறன் போய்விட்டது. அந்தச் செல்களிலிருந்து வருவது வெள்ளை, மற்றவற்றிலிருந்து வருவது பச்சை. ஒரே உடம்பில் இரண்டு வகைச் செல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளைப் பகுதி உணவு தயாரிக்காது. பச்சைப் பகுதி சம்பாதிப்பதை உட்கார்ந்து சாப்பிடும். ஆகவே பச்சை மான்ஸ்டெராவுக்குப் போதுமான வெளிச்சம் இதற்குப் போதாது, கூடுதலாக வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் வெளிச்சம் கொஞ்சம் நேரடி வெயிலாக மாறினால் முதலில் கருகுவது அந்த வெள்ளைதான். எங்கள் வீடு சென்னையில் இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காலை ஏழு மணி வெயில் அமிர்தம், ஒன்பது மணி வெயில் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில் இந்தச் செடிக்கு இடம் தேடியே எனக்கு இரண்டு கோடை போனது. கடைசியில் பால்கனிக் கதவுக்கு உட்புறம் வைத்து, ஓரடி உயரத்தில் 20 வாட் வெள்ளை எல்இடி பேட்டன் ஒன்றைத் தினமும் பத்து மணி நேரம் எரிய விட்ட பிறகுதான் ஓரளவு அமைந்தது.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. ஈரப்பதம் குறைவு என்று யாரோ சொன்னார்கள் என்று 2,400 ரூபாய் கொடுத்து ஹியூமிடிஃபையர் வாங்கினேன். கடற்கரை ஊரில் அதற்கு வேலையே இல்லை. காற்றோட்டம் இல்லாத மூலையில் அதை ஓட்டியதில் இலைப்புள்ளி வந்ததுதான் மிச்சம். தண்ணீர் என்றார்கள். இது உண்மை. எங்கள் போர்வெல் தண்ணீர் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்க வைக்கும், இலை நுனியும் பொசுங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மொட்டை மாடிக் குழாயடியில் இரண்டு டிரம் தண்ணீர் பிடித்தேன். ஊரே தண்ணீரில் தவித்துக்கொண்டிருந்தபோது செடிக்காகத் தண்ணீர் பிடித்தது மனதுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மழைநீரில் வளர்ந்த இலை நாலரை மாதம் ஒரு பொட்டுப் பழுப்பு இல்லாமல் நின்றது. அப்போதிலிருந்து மழைக்காலத்தில் மழைநீர், கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். வேறு எதுவும் ஊற்றுவதில்லை.

கலவையும் மாற்றினேன். பொள்ளாச்சித் தென்னை மட்டைத் துண்டு பாதி, மீதியில் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல், கரித்துண்டு, இரண்டு கை மண்புழு உரம். தண்ணீர் ஊற்றினால் நின்று யோசிக்காமல் இறங்கிவிட வேண்டும். தோட்ட மண் போட்டு முதல் மழைக்காலத்தில் வேரழுகி, கிட்டத்தட்ட செடியையே இழந்தேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கிறேன். அது பெரிய தொந்தரவு இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு இந்த மே மாதமும் அதே கதை. வெள்ளை அதிகமாக இருக்கிற இலை முதலில் போகிறது. பச்சை அதிகமான இலை ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிற்கிறது. எதற்காக அந்த விலை கொடுத்தோமோ அதுதான் முதலில் காய்கிறது. செடி ஆரோக்கியமாக இருக்கிறது, வேர் நன்றாக இருக்கிறது, குருத்து வருகிறது, ஆனாலும் அழகான இலையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. நாலு வருட உழைப்புக்குப் பிறகும் கத்தரியோடு நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

இரண்டாவது வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று இலை முழுப் பச்சையாக வந்தது. தண்டிலும் வெள்ளைக் கோடு மறைந்துவிட்டது. விற்றவரைக் கேட்டேன். கடைசியாகக் கோடு தெரிகிற கணு வரைக்கும் வெட்டிவிடச் சொன்னார். சரியான யோசனைதான், பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து செடியையே எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர் எனக்கு விற்றபோது காட்டிய படம் தாய்ச்செடியினுடையது. எனக்கு வந்த துண்டின் தண்டில் ஒரு நூலிழை வெள்ளைதான் இருந்தது. இலையைப் பார்த்து மயங்கிய எனக்கு அப்போது தண்டைப் பார்க்கத் தெரியவில்லை. கணுவில் மொட்டு இருக்கிற இடத்தில் வெள்ளையும் பச்சையும் மெல்லிய கோடுகளாகக் கலந்திருந்தால் நல்ல இலை வரும். மொட்டு முழுப் பச்சையில் உட்கார்ந்திருந்தால் பச்சைதான் வரும். முழு வெள்ளையில் உட்கார்ந்திருந்தால் முழு வெள்ளை இலை வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தத் துண்டால் தனியாகப் பிழைக்க முடியாது.

வெட்டிய அந்தப் பச்சைத் தண்டை எறிய மனமில்லாமல் பழைய பெயின்ட் டப்பாவில் நட்டேன். அதற்கு மழைநீர் இல்லை, விளக்கு இல்லை. ஹாலின் மூலையில் இருந்துகொண்டு இன்று என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு இலையும் தாம்பாளம் அகலம், இரண்டு வரிசை ஓட்டை. மார்கழிக் காலையில் இலை நுனியில் சொட்டு நீர் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்த்து, "என்ன செடி இது?" என்கிறார்கள்.

அதனால் நாத்தனாருக்கு என் பதில்: வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாய். கேள். அந்த இலையை வெட்டிய வாரத்தில் எனக்கு வேறு பதில் வரவில்லை. திருச்சி வெயில் எங்கள் வெயிலைவிடக் காய்ச்சல், கடல் காற்றும் கிடையாது. நீ காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருகிறாய். பச்சை மான்ஸ்டெரா போதும். என்னிடமே வேர் விட்ட துண்டு ஒன்று இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன். வெள்ளை கண்டிப்பாக வேண்டும் என்றால் 'தாய் கான்ஸ்டலேஷன்' (Thai Constellation) என்று இன்னொரு வகை மான்ஸ்டெரா உண்டு. தாய்லாந்தில் திசு வளர்ப்புக் கூடத்தில் உருவானது. பாலாடை நிறப் புள்ளிகள் விண்மீன் போல் சிதறியிருக்கும். திடீரென்று முழுப் பச்சையாகத் திரும்பிவிடும் பயம் அதில் மிகக் குறைவு.

அப்படியும் ஆல்போதான் வேண்டும் என்று நின்றால், காசு கொடுப்பதற்கு முன் தண்டை மூன்று பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்பு. இலைப் படம் வேண்டாம்.