மூன்று வாஷ் தாங்காத ‘டிரிம் ரெஸ்டோரேஷன்’: கடலோரம் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

வண்டி எட்டு வருட வெள்ளை எஸ்யூவி, சென்னை ஈசிஆர் ஓரம் திறந்தவெளியில் நிற்பது. பம்பரைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக் உறையும் (கிளாடிங்) வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புத் தட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன. ஜன்னலைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையில் (பீடிங்) பால் தெளித்த மாதிரி கறை. பின்கதவின் குரோம் பட்டை மங்கியிருந்தது. டீடெய்லிங் கடை ஒன்று மொத்தத்தையும் 7,500 ரூபாய்க்குப் பேசி எடுத்தது. பில்லில் ‘டிரிம் அண்ட் குரோம் ரெஸ்டோரேஷன்’ என்று ஒரே வரி, அதாவது வெளிப்புறப் பிளாஸ்டிக், பட்டைகள், குரோம் எல்லாவற்றையும் புதுப்பிப்பது. இரண்டு வருட வாரண்டி வெறும் வாய்ப்பேச்சு. காலையில் விட்ட வண்டி மதியம் பளபளவென்று கைக்கு வந்தது. அந்த வேகத்திலேயே விஷயம் வெளிச்சம். ஒழுங்கான வேலைக்குக் காயும் நேரமே ஒரு நாள் ஆகும்.

மூன்றாவது வாட்டர் வாஷுக்குள் கிளாடிங் பழையபடி நரைத்துவிட்டது. ஒரு மழை பெய்ததும் சைடு மிரர் அடியிலிருந்து வெள்ளைக் கதவில் எண்ணெய் அழுக்குக் கோடு இறங்கியது. பீடிங் முன்பைவிட மங்கல். குரோம் பட்டையின் விளிம்பில் மஞ்சள் சாயல். கடையில் கேட்டால், “கடல் காத்துங்க, நாங்க என்ன பண்ண முடியும்?” என்று பதில். உப்புக்காற்று கெடுக்கும்தான், ஆனால் இரண்டு மாதத்தில் இப்படிக் கெடுக்காது. இது செய்த வேலையின் கோளாறு.

கிளாடிங்கில் தடவியது டயர் பாலிஷ் வகைச் சிலிக்கோன் எண்ணெய். வெயிலின் புற ஊதாக் கதிர், கிளாடிங்கின் பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீனின் மேல்தோலைச் சிதைத்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. அவற்றில் ஒளி சிதறுவதுதான் நரையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த வெடிப்புகளை நிரப்பிக் கறுப்பாகக் காட்டும், ஷாம்பு பட்டால் போய்விடும். வண்டியைக் கையில் வாங்கும்போதே வெள்ளைத் துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்து ஓர் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். துணி பிசுபிசுத்து, துடைத்த இடம் மறுபடி வெளுத்தால் அங்கே இறுகி ஒட்டும் பூச்சு (கோட்டிங்) இல்லை, எண்ணெய்தான்.

ஹீட் கன் காட்டிக் கறுப்பாக்குவது இன்னொரு வித்தை. அப்போதைக்கு நிறம் திரும்பும். சில மாதத்தில் மறுபடி வெளுக்கும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகும், ஹீட் கன் காற்றோ 500 டிகிரியைத் தொடும். கை ஒரு நொடி நின்றால் சொரசொரப்பு உருகி வழவழவென்று ஒரு திட்டு விழும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது, பார்ட்டையே மாற்ற வேண்டும்.

முறையான வேலை இப்படித்தான் நடக்கும். கார ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து தண்ணீரில் கலந்து, மென்மையான நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நுரை வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. இந்தக் கலவை பீடிங்கில் படவே கூடாது. படக்கூடிய இடத்தில் டேப் ஒட்ட வேண்டும். பிறகு புளோயரால் சொரசொரப்புக்குள் நிற்கும் ஈரத்தை விரட்டி, ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் ஒரு சாண் ஒரு சாணாக டிரிம் கோட்டிங் பூசி, பாட்டிலில் சொன்ன நேரத்துக்குள் அதிகப்படியைத் துடைத்தெடுக்க வேண்டும். வெயிலில் பூசினால் துடைக்கும் முன்பே இறுகித் திட்டுத் திட்டாக நிற்கும். கிளாடிங் நிறைய உள்ள எஸ்யூவிக்குச் சுமார் 30 மி.லி. போதும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் நடந்த மோசடியாவது பணத்தோடு போயிற்று. பீடிங்கில் நடந்ததைத் திருப்ப முடியாது. அந்த வண்டியின் பீடிங் குரோமே இல்லை, ஆனோடைஸ் செய்த, அதாவது மின்முறையில் மேலே பாதுகாப்பு அடுக்கு உண்டாக்கிய அலுமினியம். பல ஜெர்மன் கார்களிலும் இதேதான். வீரியமான காரக் கிளீனரோ வீல் கிளீனர் ஆசிட்டோ பட்டால் பால் கறை விழும். அதைக் ‘குரோம் பாலிஷ்’ என்று மெஷினில் தேய்த்தால், கறையோடு சேர்ந்து சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மட்டுமே உள்ள பாதுகாப்பு அடுக்கும் போய்விடும். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும். வெறும் அலுமினியம் உப்புக்காற்றில் எத்தனை நாள் மின்னும்?

பின்கதவுப் பட்டை ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் ஏற்றிய குரோம். குரோம் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷின் ஓட்டினால் விளிம்பில் முதலில் தேய்ந்து, அடியில் உள்ள நிக்கல் தலைகாட்டும். குரோம் லேசாக நீலம் பாயும், நிக்கல் மஞ்சள் பாயும். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு பாலிஷ் பேச்சுக்கே இடமில்லை. இத்தகைய பார்ட்டுக்கு மறுபூச்சு போட அலைவதைவிடப் புதிது வாங்குவதே மலிவு. சில கடைகள் வெள்ளி ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து ‘ரீகுரோம்’ என்பார்கள். தின்னரில் தொட்ட துணியால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் வெளுக்கும்.

பழைய அம்பாசடர், பத்மினி பம்பர் மாதிரி இரும்பு மேல் குரோம் என்றால் கதை வேறு. காந்தம் ஒட்டும். மேலோட்டமான துருவை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுக்கலாம். ஆனால் பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொண்டு துடைக்கும் கடைகள் உண்டு. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவோடு குரோமையும் கரைக்கும். குழிகளில் தங்கி, ஒரு வாரத்தில் முன்பைவிடச் செக்கச்செவேலென்று துருவைக் கொண்டுவரும். குழி இரும்புவரை போயிருந்தால் பழைய பூச்சைக் கழற்றி, தாமிரம் ஏற்றி, பஃப் அடித்து (சக்கரத்தில் மெருகேற்றி), 20 முதல் 30 மைக்ரான் நிக்கல், அதன் மேல் குரோம் என்று போக வேண்டும். தாமிரத்தையும் நிக்கலையும் சுருக்கி மேலே குரோம் காட்டினால் முதல் மழைக்காலத்திலேயே புள்ளி விழும். பூச்சின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டரை வைத்து நம்ப வைப்பவர்களிடமும் உஷார்: நிக்கலையும் காந்தம் இழுக்கும் என்பதால் சாதாரணக் காந்த மீட்டர் அங்கே சரியான அளவு காட்டாது. பம்பரின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே பூச்சு ஏறாத வெற்று இரும்புக்கு எபாக்சி பிரைமரும் கறுப்பு பெயிண்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

இனி வேலை கொடுப்பவர்கள் பில்லில் பிளாஸ்டிக், பீடிங், குரோம் மூன்றையும் தனித்தனி வரியாக, பூசும் பொருளின் பெயரோடு எழுதி வாங்குங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மாதிரி போடச் சொல்லி, இரண்டு ஷாம்பு வாஷ் பார்த்த பிறகு மீதிக்குச் சம்மதியுங்கள். மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சிலிக்கோனை முழுக்கக் கழுவாமல் புதுக் கோட்டிங் போட வேண்டாம், ஒட்டாது. ஆசிட் பட்ட குரோமை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, நன்றாக அலசி, காயவைத்து, வாக்ஸ் போடுங்கள். அடுக்கு போன அலுமினிய பீடிங்கைப் புதிதாக மாற்றலாம். செலவு கட்டவில்லை என்றால் கறுப்பு வினைல் ஒட்டிவிடலாம். பில் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அழித்துவிடாதீர்கள்.