ஆறு ஞாயிறு, 4,800 ரூபாய்: பேச்சு வகுப்புக்குப் போய் வந்த கதை

போன மாசியில் சித்தப்பா பையன் கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார், என் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர். "நல்லா இருக்கீங்களா?" என்றேன். "நல்லா இருக்கறேன், நீ?" என்றார். "இருக்கேனுங்க" என்றேன். அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. அடுத்த இருபது நிமிடம் நான் போனைத் தடவிக்கொண்டிருந்தேன், அவர் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கும்போது மனைவி கேட்டாள், "அவரு மாமாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. அவரோடு முப்பது வருடம் ஒரே ஷிஃப்டில் நின்ற மனிதரிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த வாரம்தான் இந்த வகுப்புக்குப் பணம் கட்டினேன்.

கோவையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள ஹாலில், ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. 4,800 ரூபாய், டீ உட்பட. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் நிறையச் சொல்லப்போகிறேன், சண்டைக்கு எனக்கு நேரமில்லை. இந்த மாதிரி வகுப்பு இப்போது எல்லா ஊரிலும் போர்டு மாட்டியிருக்கிறார்கள், சேரும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் சரி.

முதலில் ஒரு விஷயம். நண்பர்கள் பலர் "டோஸ்ட்மாஸ்டர்ஸ் போலாமே, ஏன் இங்க?" என்றார்கள். போயிருக்கிறேன், ஒரு வருடம். 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பித்த கிளப் அது, நூறு வருடமாக ஓடுகிறது என்றால் காரணம் இருக்கிறது. திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஒன்றிரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள், எத்தனை முறை 'ஆ', 'ம்' போட்டோம் என்று எண்ணிச் சொல்ல ஒரு ஆள், நேரம் ஆவதைப் பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கில் காட்ட ஒரு ஆள். மேடை பயம் எனக்கு அங்கேதான் போனது. ஆனால் அது மேடைக்கான பயிற்சி. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சை எடுப்பது வேறு வித்தை, அங்கே யாரும் பச்சை விளக்கு காட்டுவதில்லை.

இந்த வகுப்பை நடத்துபவர் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடத்துக்கு மேல் மெடிக்கல் ரெப்பாக இருந்தவர். டாக்டர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போய் இரண்டு நிமிடம் பேசி, அடுத்த மாதமும் உள்ளே விடும்படி வெளியே வருவதே பிழைப்பாக இருந்திருக்கிறது. அது வகுப்பில் தெரிகிறது. நாங்கள் பதினான்கு பேர். பெண் பார்க்கப் போய்ப் போய் ஊமையாகத் திரும்பும் ஒரு தம்பி, மின்வாரியத்தில் ரிட்டையர் ஆகி வீட்டில் பேச ஆளில்லாத ஒருவர், மதுரையிலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த ஒரு பெண், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பையன், இப்படி.

முதல் ஞாயிறு முழுக்க "சாப்டாச்சா?" பற்றியே போனது. சாயங்காலம் நாலு மணிக்கு யாராவது "சாப்டாச்சா" என்றால் எனக்கு எரிச்சல் வரும், இது என்ன கேள்வி என்று. அக்கா சொன்னார், அது கேள்வியே இல்லை, கதவைத் தட்டுவது. நியூகினி பக்கத்துத் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், சேதி சொல்வதற்காக இல்லாமல் உறவைத் தொட்டு வைப்பதற்காக மட்டும் பேசும் பேச்சுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார். நாங்கள் செய்யும் தப்பு, தட்டியவருக்கு "ஆச்சு" என்று பதில் சொல்லிவிட்டுக் கதவை மறுபடி சாத்திவிடுவது. "ஆச்சுங்க, இன்னிக்கு அரிசிம்பருப்பு. நீங்க?" என்றால் திறந்துவிட்டது. கேட்டால் சின்ன விஷயம். ஆனால் பதினான்கு பேரில் பதினொரு பேர் "ஆச்சு"வோடு நின்றோம், எண்ணிப் பார்த்தார்.

மதுரைப் பெண்ணின் சிக்கல் வேறு. மாமியார் வீட்டில் அவளை வெடுக்கென்று பேசுபவள் என்று நினைத்திருக்கிறார்கள், காரணம் அவளுக்கே ஒரு வருடம் பிடிபடவில்லை. இங்கே நண்டு சிண்டைக்கூட "வாங்க, போங்க" என்போம், கொழுந்தனை அவள் "வா தம்பி" என்று வாய் நிறையத்தான் கூப்பிட்டிருக்கிறாள். "எங்க ஊருல தம்பிய வாங்கன்னு கூப்பிட்டா கிண்டல் பண்றோம்னு நெனப்பாங்க அக்கா" என்றாள், ஹாலே சிரித்தது. மின்வாரியக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப என் மருமவளும் திருநெல்வேலிதான்" என்றார், கொஞ்ச நேரம் கழித்து.

இரண்டாவது ஞாயிறு படு மோசம். அக்கா வரவில்லை, ஒரு 'கெஸ்ட்' வந்தார், கோட்டுப் போட்டு, இருபத்தைந்து நிமிடம் தாமதமாக. ஸ்லைடு மேல் ஸ்லைடு. பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று ஆரம்பித்தார். இந்தக் கணக்கை இன்னும் எத்தனை வருடம் ஓட்டப்போகிறார்களோ தெரியவில்லை. மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த இரண்டு சோதனைகள், ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவு செய்து, ஒன்றில் கூடவே முகப் படத்தையும் காட்டி, பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடிக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னவை. பிடித்தம், வெறுப்பு சம்பந்தப்பட்ட பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது என்று அவரே சொல்லியிருக்கிறார். டீ இடைவேளையில் நான் கேட்டேன், பழனி பஸ் காந்திபுரத்தில் இல்லை, உக்கடத்தில் நிற்கும் என்பதை 93 சதவீதம் சொல்லே இல்லாமல் சொல்லிக் காட்டுங்கள் என்று. சிரித்துவிட்டு பப்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

அவரே எதிராளியின் கண்ணை விடாமல் பார்த்துப் பேசச் சொன்னார். எங்கள் பெரியப்பாவிடம் அப்படிப் பார்த்தால் 'என்ன மொறைக்கிற' என்பார். மூன்றாம் ஞாயிறு அக்கா வந்து, சத்தமில்லாமல் இதைத் திருத்தினார்: முகத்தைப் பாருங்கள், நடுநடுவே வேறு பக்கம் பாருங்கள், பெரியவர்களிடமும் அறிமுகமில்லாத பெண்களிடமும் இன்னும் குறைவாக, அவ்வளவுதான்.

மூன்றாம் ஞாயிறுதான் இந்தக் காசுக்கு விலை. லேத் பட்டறைப் பையனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து 62,000 ரூபாய் பாக்கி, ஐந்து மாதமாக. கேட்க வாய் வரவில்லை. அக்கா பர்ச்சேஸ் மேனேஜராக உட்கார்ந்தார், பையன் எதிரே நின்றான்.

"சார், அந்தப் பழைய பில்லு ஒண்ணு... உங்களுக்கும் டைட்டாத்தான் இருக்கும், தெரியுதுங் சார், அவசரம் ஒண்ணும் இல்ல, சும்மா ஞாபகப்படுத்தலாம்னு..."

"அவசரம் இல்லைன்னு நீயே சொல்லிட்டியே. அப்புறம் நான் எதுக்குக் குடுக்கணும்?"

மறுபடி நிற்க வைத்தார். மன்னிப்பு இல்லாமல், தொகையைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி. "சார், புரட்டாசியில டெலிவரி பண்ணின வேலைக்கு 62,000 நிக்குதுங். இந்த வாரம் எவ்வளவு போட்டுவிட முடியும்?" இது வரைக்கும் யாரும் சொல்லிவிடலாம். கஷ்டம் இதற்கு அப்புறம். "கேட்டாச்சுன்னா வாயை மூடிக்கோ. அடுத்தது அவரு பேசோணும்." அக்கா பேசாமல் நகத்தைப் பார்த்தார். ஃபேன் சத்தம் மட்டும். மூன்று விநாடி தாங்கவில்லை, பையன் "இல்லீன்னா அடுத்த வாரம்கூட..." என்று உடைந்துவிட்டான். இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான், எங்களுக்கே வயிற்றைப் பிசைந்தது. அக்கா நிமிர்ந்தார், "வெள்ளிக்கெழம இருபது போடறேன்" என்றார். நாங்கள் கை தட்டினோம், நிஜமாகவே பணம் வந்ததுபோல.

அந்த மூன்று விநாடி ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்றும் விளக்கினார். 2009இல் பத்து மொழிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிப்பதற்கும் நடுவே சராசரி இடைவெளி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதானாம். ஆக மூன்று விநாடி என்பது வழக்கத்தைப் போலப் பதினைந்து மடங்கு. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. இருந்திருந்தால் எங்கள் பெரியம்மா ஒருத்தியே சராசரியை மைனஸில் இறக்கியிருப்பாள், நாம் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும்.

நாலாம் ஞாயிறு வெளியே அனுப்பினார்கள். தேவையில்லாத மூன்று பேரிடம் பேசிவிட்டு வர வேண்டும், ஒவ்வொருவரிடமும் இரண்டாவது கேள்வி ஒன்று கேட்டே ஆக வேண்டும். இரண்டாவது கேள்வி என்றால் நாம் வீட்டிலிருந்து கொண்டுபோனது இல்லை, அவர் சொன்ன பதிலிலிருந்து எடுத்தது. நான் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போனேன். கத்திரிக்காய் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் "எந்த ஊருக் காயிங்க?" என்றேன். "தொண்டாமுத்தூர்." இங்கேதான் நான் வழக்கமாக "ஓ, சரிங்க" என்று முடித்துவிடுவேன். அரைக்கிலோ போடச் சொல்லிவிட்டு, தொண்டாமுத்தூர் என்றால் எனக்கு என்ன தெரியும் என்று யோசித்து, "அங்க ஆனை வருதுங்களா இன்னும்?" என்றேன். அந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார். போன வாரம் ராத்திரி வாழையில் இறங்கியதையும், வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடப்போனதையும், தான் வேட்டியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தியதையும் சொன்னார். "வாழ போனாப் போவுது, ஆளு போனா வருமா? ஆனா அந்த மனுசன் ரண்டு நாளு எங்கூடப் பேசுல." பின்னால் நின்றவர் "அம்மா, எனக்குத் தக்காளி" என்று இரண்டு முறை சொன்னார். என் வாழ்நாளில் காய்கறிக் கடையில் ஏழு நிமிடம் பேசியது அன்றுதான். நான் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம் இருக்கும்.

ஆனால் இந்தத் தெருப் பாடத்தை ஆண்களை மட்டும் மனதில் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். மதுரைப் பெண் எழுந்து, "பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஆளுகிட்ட நானாப் போய் பேச்சுக் குடுத்தா அப்புறம் அந்த ஆள எப்படி அனுப்பறது?" என்றாள். நியாயம். அக்காவும் ஒத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்களிடம் பேசினால் போதும் என்று மாற்றினார். இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், அதுவும் ஒரு பெண் நடத்தும் வகுப்பில்.

ஐந்தாம் ஞாயிறு பேச்சை முடிப்பது. எனக்கு இது இன்னொரு தலைவலி, ஆரம்பிக்கவும் தெரியாது, மாட்டினால் கழன்றுகொள்ளவும் தெரியாது. 2021இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின்படி இரண்டு பேரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டு அளவுதான், கேட்க ஆறுதலாக இருந்தது. நமக்கு "போறேன்" என்றும் சொல்லக் கூடாது, "போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவின் ரெப் காலத்து வழி இது: "சரிங்க" போடு, அவர் சொன்னதில் ஒன்றைத் திரும்ப எடு, நகரு. "சரிங்க, பாப்பா பரீட்சைய நல்லா எழுதட்டும், அடுத்த தடவ கேட்டுக்கறேன், போய்ட்டு வர்றேனுங்க." கடைசி வார்த்தைக்குள் கால் திரும்பியிருக்க வேண்டும். கால் நகராவிட்டால் பேச்சும் முடியாது.

ஆறாம் ஞாயிறு சர்டிஃபிகேட், குரூப் போட்டோ, 'அட்வான்ஸ்டு கோர்ஸ்' 12,000 ரூபாய்க்கு விளம்பரம். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை வணக்கப் படம் வருகிறது, மியூட் செய்துவிட்டேன். கேட்டால் பணம் திரும்ப வராது, ஒரு ஞாயிறு தவறினால் அடுத்த பேட்சில் உட்கார விடுவதும் இல்லை. ஒன்று மட்டும் பாராட்ட வேண்டும்: பேச எழுந்தாலே கை நடுங்கி வியர்த்துப்போகும் ஒருவரிடம், இதற்கு எங்கள் வகுப்பு போதாது, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று தனியே கூப்பிட்டுச் சொல்லி, மீதிப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார் அக்கா. அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் ரீஃபண்ட் என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அட்வான்ஸ்டுக்கு நான் போகவில்லை. லேத் பையனுக்கு நிஜ மேனேஜரிடமிருந்து 15,000 வந்ததாம், பாக்கிக்கு மறுபடி நிற்கப் போகிறான். அப்பாவின் சிநேகிதரை இன்னும் பார்க்கவில்லை. பல்லடம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாராம், நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

சேர்வதாக இருந்தால் பஸ்ஸில் போங்கள், வண்டி நிறுத்த இடமில்லை. முதல் பாதி மட்டும் பணம் கட்டலாமா என்று கேளுங்கள். இரண்டாவது ஞாயிறு வீட்டில் ஏதாவது விசேஷம் வைத்துக்கொள்ளுங்கள்.