தண்டுக்கும் புரொப்பல்லருக்கும் பாலிஷ் போட்டுவிட்டு, பழுது பார்த்ததாகக் கணக்கெழுதிய பட்டறை: ஓர் எச்சரிக்கை

பாய்மரப் படகின் அடிப்பகுதி வேலைகளைத் தாமே செய்துகொள்பவர்கள், எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுசெல்லும் தண்டையோ, புரொப்பல்லரையோ கடைசல் பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. கழற்றுவதையும் மாட்டுவதையும் நாம் வைத்துக்கொண்டு, வளைவு எடுப்பதையும் இறக்கைகளைச் சரிசெய்வதையும் பட்டறையிடம் விடும்போது, வேலையின் பொறுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பின்னர் ஓட்டத்தில் அதிர்வு வந்தால், "மாட்டியது நீங்கள்தானே" என்று ஒரே வாக்கியத்தில் பட்டறை கைகழுவிவிட முடியும். என்னிடம் அப்படித்தான் கைகழுவப் பார்த்தார்கள். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் கையாண்ட முறை வேறு எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியது என்பதால் அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

படகைக் கரையேற்றியபோது, புரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தண்டு, அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடியது. இந்தப் பேரிங் பித்தளைக் குழாய்க்குள் ரப்பர் ஒட்டப்பட்டு, நெடுக்குவாட்டில் காடிகள் விடப்பட்ட எளிய பொருள். காடிகளின் வழியே ஓடும் தண்ணீரே அதற்கு மசகு. மணல் துகள் உள்ளே வந்தாலும் அந்தக் காடிகள் வழியாகவே வெளியேறிவிடும். 25 மில்லிமீட்டர் தண்டில் ஆட்டம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் பேரிங்கை மாற்றிவிட வேண்டும் என்பது படகுக்காரர்களிடையே நெடுநாளாக உள்ள கணக்கு. என் படகில் அது தாண்டியிருந்தது. பேரிங்கைப் பிடித்திருக்கும் வெளித் தாங்கியைச் சுத்தியலால் அடித்து நெளித்துவிடாமல், பழைய பேரிங்கின் குழாயை ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து நெடுக அறுத்து, மடித்து வெளியே எடுத்தேன்.

எடுத்த பேரிங்கைப் பார்த்தாலே நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிடும். ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, தண்டு சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால், எஞ்சினும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். ரப்பர் சுற்றிலும் தேய்ந்து, தண்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டே வளைந்திருக்கிறது. நான் கண்டது இரண்டாவது வகை. தண்டை இரண்டு வீ-பிளாக்குகளின் (V வடிவப் பள்ளமுள்ள கட்டைகள்) மேல் கிடத்தி, சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுழற்றியபோது, நடுப்பகுதியில் முள் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. கீவேயை (கீ என்ற சிறு உலோகத் துண்டு அமரும் காடி) மேல்நோக்கி வைத்து, தண்டின் நீளத்தில் எந்த இடத்தில், எந்தத் திசையில் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொண்டேன். பேரிங் அமரும் இடத்தின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் எடுத்து எழுதினேன். எஞ்சினோடு இணையும் கப்ளிங் பக்கத்து முகத்தில் சென்டர் பஞ்சால் ஒரு சிறு அடையாளமும் இட்டேன். பிறகு நடந்த எல்லாவற்றிலும் எனக்குக் கைகொடுத்தவை இந்தக் குறிப்புகளே.

தண்டின் வளைவை எடுக்க வேண்டும், எங்கும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டம் (சுழற்றும்போது முள் ஏறி இறங்கும் அளவு) இருக்கக்கூடாது, புரொப்பல்லரின் மடங்கிய இறக்கை நுனியைச் சரிசெய்து, பிட்ச் (இறக்கையின் சாய்வு) பார்த்து, பேலன்ஸ் செய்து தர வேண்டும் என்று வேலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது தண்டு கண்ணாடிபோல் மின்னியது. புரொப்பல்லரில், பாசி பிடிக்காது என்று சொல்லி, நான் கேட்காமலேயே கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். தண்டின் ஓட்டம் 0.05 மில்லிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்திட்ட அளவுத்தாளும், வேலைச் சீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் செய்து முடித்ததாகக் காட்டும் பில்லும் உடன் வந்தன.

புதிய பேரிங்கில் தண்டைச் செருகியபோது ஆட்டம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகப் பட்டது. உடனே உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்டேன். "ரப்பர் தண்ணீரில் ஊறினால் இறுகிவிடும் சார், கவலைப்படாதீர்கள்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் இதன் சாமர்த்தியம். ரப்பர் தண்ணீரில் சிறிதளவு உப்பத்தான் செய்யும். பேரிங் செய்பவர்கள் அதையும் கணக்கில் கொண்டே தொடக்க இடைவெளியை வைக்கிறார்கள். ஆனால் அந்த உப்பல், இளைத்துப்போன தண்டை ஈடுகட்டித் தராது.

படகைத் தண்ணீரில் இறக்கியபின், கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த உடல் தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பட்டும் என்று காத்திருந்துதான் கப்ளிங்கை நேர்ப்படுத்தினேன். கரையில் நிற்கும்போது செய்யும் நேர்ப்படுத்தல் மிதக்கும்போது மாறிவிடும் என்பது தெரிந்ததே. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங் முகங்களுக்கிடையே இடைவெளியின் வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களிலும் பார்த்து, அதற்குள் கொண்டுவந்து, அளவுகளை எழுதிவைத்தேன். அதன்பின் எஞ்சினை ஓட்டினால், குறைந்த வேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட, தரைப்பலகை பாதத்தின் கீழ் நடுங்கத் தொடங்கியது. தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தை அடைக்கும் கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வர வேண்டிய தண்ணீர் ஒழுகலாக வந்தது. பழுது பார்ப்பதற்கு முன்புகூட இவ்வளவு மோசமாக இல்லை.

மீண்டும் கரையேற்றித் தண்டை உருவினேன். அதே வீ-பிளாக், அதே டயல் கேஜ், கீவே மேல்நோக்கி. நான் முன்பு குறித்திருந்த அதே இடத்தில், அதே திசையில், அதே அரை மில்லிமீட்டர். வளைவை அவர்கள் தொடவே இல்லை. தொட்டிருந்தால் நன்றாகவோ மோசமாகவோ ஏதேனும் ஒரு மாற்றமாவது இருந்திருக்கும். அவர்கள் தொட்டது மேற்பரப்பை மட்டும்தான். பேரிங் அமரும் இடத்தில் இருந்த தேய்மானத் தடம் தெரியாமல் இருப்பதற்காக, அந்த இடத்தை எமரித்தாளாலும் பாலிஷ் சக்கரத்தாலும் நன்றாக இழைத்திருக்கிறார்கள். அதனால் நான் கொடுத்தபோது இருந்ததைவிட அங்கே விட்டம் 0.3 மில்லிமீட்டர் குறைந்துபோயிருந்தது. புதிய பேரிங்கில் தண்டு தளர்வாக நின்றதன் காரணம் இதுவே. அந்தப் பட்டறையின் பாலிஷ் சக்கரம் மிக நல்ல நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

புரொப்பல்லரின் கதை இதைவிட ஆபத்தானது. சந்தேகம் வந்தபின், இறக்கை அடியில் கறுப்புப் பூச்சைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாக இருந்தது. சிறு படகுகளின் புரொப்பல்லர்களில் பெரும்பாலும் பயன்படும் மாங்கனீசு வெண்கலம், பெயர்தான் வெண்கலமே தவிர, ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத் துத்தநாகம் கலந்த பித்தளை. புரொப்பல்லருக்குப் பதிலாகத் தான் அரிபடும் காப்புத் துத்தநாகக் கட்டி தீர்ந்துபோனாலோ, கசிவு மின்சாரம் இருந்தாலோ, கடல் நீரில் அந்தத் துத்தநாகம் கரைந்து வெளியேறி, துளைத்துளையான செம்பு மட்டும் எஞ்சிவிடும். வடிவம் அப்படியே இருக்கும், வலு போயிருக்கும். அரத்தால் ஓரிரு முறை இழுத்ததும் மஞ்சள் தெரிந்தால் நோய் மேலோட்டமானது என்று ஆறுதல் கொள்ளலாம். நான் இழுக்க இழுக்கச் சிவப்பே வந்தது. நல்ல இறக்கையைச் சிறு சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். இது மரக்கட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தது. நேராக்கியதாகச் சொன்ன நுனியை இடுக்கியால் பிடித்து லேசாக வளைத்தபோது, வளையாமல் உடைந்தே போனது. உடைந்த முகம் முழுவதும் இளஞ்சிவப்பு. ஓரத்தில் மட்டும், அவர்கள் பிரேசிங் (வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுதல்) செய்து இட்டிருந்த மெல்லிய மஞ்சள் வரி. இந்த நிலையில் உள்ள உலோகத்தைச் சூடாக்கியவருக்கு அதன் நிறம் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. தெரிந்ததால்தான் கறுப்புப் பூச்சு என்பது என் முடிவு.

காற்று விழுந்து, நீரோட்டம் பாறைப் பக்கம் இழுக்கும் நேரத்தில்தான் பாய்மரப் படகுக்காரன் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டுவான்; இறக்கை உடைவதும் அந்த நேரத்தில்தான் நடக்கும். "இது பழுது பார்க்கத் தக்கதல்ல, புதிது வாங்குங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

பட்டறைக்குப் போனபோது, முதலில் என் நேர்ப்படுத்தலைக் குறை சொன்னார்கள். மிதக்கும் நிலையில் எடுத்த கப்ளிங் அளவுகளைக் காட்டினேன். பிறகு எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கும் என்றார்கள். அடுத்து, தண்டை நான் எடுத்துச் சென்றபோது வளைந்திருக்கலாம் என்றார்கள். முன்பிருந்த இடத்திலேயே, முன்பிருந்த அளவுக்கே மீண்டும் வளையும் தண்டை நான் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லி, இரண்டு நாள்களின் குறிப்புகளையும் மேசையில் வைத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. அளவுத்தாளில் கையெழுத்திட்டவர் விடுப்பில் இருப்பதாக மட்டும் சொன்னார்கள்.

இப்போது வேறொரு பட்டறையில் புதிய தண்டு கடைந்து வாங்கியிருக்கிறேன். இந்த முறை, ஓட்டத்தை என் கண்முன்னே டயல் கேஜில் சுழற்றிக் காட்டிய பிறகே பணம் தருவேன் என்று முன்பே பேசிக்கொண்டேன். அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. எந்தப் பொருளுக்கும் பூச்சு அடிக்கக்கூடாது, பேரிங் அமரும் இடத்தில் எமரித்தாள் படக்கூடாது என்ற இரண்டையும் வேலைச் சீட்டில் சேர்த்துவிடுங்கள். புரொப்பல்லர் அமரும் தண்டு முனையின் கூம்புச் சரிவான டேப்பரையும் அங்கேயே சோதிக்கலாம். புரொப்பல்லர் தண்டைப் பற்றிக்கொள்வது டேப்பரால், கீயால் அல்ல. மெட்ரிக் தண்டுகளில் டேப்பர் 1:10, அங்குல அளவுத் தண்டுகளில் பெரும்பாலும் 1:16. இரண்டும் கலந்துவிட்டால் பெரிய முனையிலோ சிறிய முனையிலோ மட்டுமே பிடிப்பு இருக்கும். புரொப்பல்லரின் உள்ளே புளூ என்ற நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, கீ இல்லாமல் தண்டில் செருகி எடுத்தால், நிறம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். கீ இல்லாமல் புரொப்பல்லர் எதுவரை ஏறுகிறதோ அங்கே தண்டில் ஒரு கோடு போட்டு, பிறகு கீயோடு ஏற்றிப் பாருங்கள். அதே கோட்டை எட்டாவிட்டால், புரொப்பல்லர் கீயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியே நட்டை இறுக்கி ஓட்டினால், டேப்பரில் பிடிப்பில்லாமல் தண்டின் விசை முழுவதும் கீயின் மேல் விழும்.

பழைய பட்டறை, புரொப்பல்லருக்கு வாங்கிய கூலியை மட்டும் திருப்பித் தர ஒப்புக்கொண்டு, பழைய தண்டையும் உடைந்த இறக்கையையும் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. தண்டுக்கான கூலியும் சேர்ந்து வரும்வரை இரண்டையும் கொடுப்பதாக இல்லை.