உவர்மலையில் ஓர் உயர்தரச் சித்திர வகுப்பு: இரண்டாண்டு அனுபவம்

க.பொ.த. உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த என் மகள், திருகோணமலை உவர்மலைப் பகுதியில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடைபெறும் தனியார் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் பயின்றாள். சனிக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் வகுப்பு. மாதக் கட்டணம் 2,500 ரூபாய். பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் சிலர் என்னிடம் விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

செய்முறைப் பயிற்சி ஒழுங்காக நடந்தது. அதைப் பற்றி மேலதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வகுப்பின் சிறப்பு கலை வரலாற்றைக் கற்பிக்கும் முறையிலேயே இருக்கிறது. வேறு வகுப்புகளில் சிகிரியா, அஜந்தா, பொலன்னறுவை எனக் குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்து மனனம் செய்ய விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். இந்த ஆசிரியரோ முதலில் படத்தைக் காட்டி, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்க்கச் சொல்வார். சிகிரியா ஓவியத்தைக் காட்டி, "இதில் எந்த நிறத்தைக் காணவில்லை?" என்று கேட்டாராம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமே மேலோங்கி, நீலம் ஏறத்தாழ இல்லை என்பதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்த பின்னரே, அஜந்தாவில் நீலக்கல்லை அரைத்துத் தீட்டிய பகுதிகளைக் காட்டி இரண்டையும் ஒப்பிட வைத்தார். அப்படிக் கற்றது பரீட்சை முடிந்த பிறகும் மகளுக்கு மறக்கவில்லை.

ஒருநாள் வகுப்பைக் கோணேசர் கோயிலுக்கே கொண்டுபோனார். 1950 இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருவுருவங்களைப் பற்றிச் சொல்லி, பல்லவர் கோயில்களின் கருவறைப் பின்சுவரில் கற்புடைப்பாக இருந்த அதே சிவன், உமை, கந்தன் வடிவம் சோழர் காலத்தில் எவ்வாறு வீதியுலாவுக்குரிய உலோகத் திருமேனியாயிற்று என்பதையும், மெழுகில் உருச் செய்து களிமண் பூசி உருக்கி வார்க்கும் முறையையும் விளக்கியிருக்கிறார். திரும்பும் வழியில் பிரட்றிக் கோட்டை வாசலில் நின்று, கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயர் வரும் கல்வெட்டையும் அதனருகே பொறித்த பாண்டியரின் இணைக் கயல்களையும் பார்க்க வைத்தார். நாற்பது வருடமாக அந்த வாசலால் போய்வருகிற எனக்கு அந்த மீன்களை மகள்தான் காட்டித் தந்தாள்.

குறைகளும் உண்டு. கொடுத்த பிரதிகள் எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறத்தை இவ்வளவு நுட்பமாகக் கற்பிக்கும் ஒருவர் வண்ணப் பிரதிக்காகக் கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்டிருந்தால் எந்தப் பெற்றோரும் மறுத்திருக்க மாட்டோம். 1943 இல் கொழும்பில் தோன்றிய நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவையும் அதைச் சேர்ந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றையும் ஒரே காலையில் முடித்துவிட்டார். தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள வெல்கம் விகாரைக்குப் போவதாகச் சொன்ன பயணம் கடைசிவரை நடக்கவில்லை.

ஆயினும் பெரிய குறை வேறு. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியைப் பற்றி வகுப்பில் கிடைத்த தகவல் பிழையானது. உயர்தரப் பெறுபேறு போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் முதலிய கட்புலக் கலை பயில்வதற்கு, திறமையைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதைப் பாடசாலை ஆசிரியை ஒருவர் தற்செயலாகச் சொல்லித்தான் அறிந்தோம். பத்து நாள் தயாரிப்போடு மட்டக்களப்புக்குப் பேருந்து ஏறிய மகள் தெரிவாகவில்லை. வரைவதற்கான கற்கைநெறி வேறு, கலை வரலாற்றை ஆராயும் கற்கைநெறி வேறு என்ற வேறுபாட்டையும் வகுப்பில் யாரும் விளக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தின் நுண்கலைத்துறையில் கலை வரலாறு கற்கலாம். வரைவதற்கான சித்திரமும் வடிவமைப்பும் அதே பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்தில் கற்பிக்கப்படுகிறது. எங்கள் வீட்டில் இவ்விரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தோம். கலைப்பீடத்துக்கு அனுமதி கிடைத்து மகள் இப்போது கலை வரலாறுதான் படிக்கிறாள். அது அவளுக்குப் பொருந்தியும் இருக்கிறது.

இளையவன் சாதாரண தரம் எழுதியிருக்கிறான். அவனையும் இதே வகுப்பில்தான் சேர்க்கப்போகிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை மட்டும் இம்முறை நானே வாங்கி வைத்துக்கொள்வேன்.