சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறார்கள்
மதுரை பைபாஸ் ரோட்டில் உள்ள இந்த பேட்டரி கடையில் பிடித்த விஷயம், போனதுமே புதுசைத் தலையில் கட்டுவதில்லை. முதலில் என் காரின் பழைய பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 12.6 வோல்ட் இருக்க வேண்டியது 12.1தான் காட்டியது. இப்போதைய கார்களில் பூட்டிய பிறகும் அலாரம், கீலெஸ் ரிசீவர், டிராக்கர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜைக் குடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டினால் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்புவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம், அரைச் சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரித் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து சார்ஜ் நிற்காமல் போய்விடும், போதாததற்கு வெயில் வேறு. சிக்னலில் தானாக அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்குச் சாதாரண பேட்டரி தாங்காது, அடிக்கடி அணைத்து ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் என்று கறாராகச் சொன்னார் கடைக்காரர். சரிதான், ஆனால் விலை கூடுதல். பழசுக்குக் கழித்தது ரொம்பக் குறைவு, எவ்வளவு பேசியும் மசியவில்லை. ஞாயிறு லீவு.